சாவடியில் ஆளில்லை

கலும்பாங்கிலிருந்து வடக்கே பழைய கூட்டரசுச் சாலையில் சென்றால், சிறிது நேரத்தில் பெர்னாம் ஆறு குறுக்கிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் சிலாங்கூர். அந்தப் பக்கம் பேராக்கின் தஞ்சோங் மாலிம். அங்கிருந்து சிலிம் ரிவர் வரை செல்லும் சாலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நம் நாட்டில் முதன்முதலாகக் கட்டணம் வாங்கிய சாலை அதுதான். 1966ஆம் ஆண்டில் அங்கு வசூல் தொடங்கியது. வட தென் நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றுப் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பும் வரையில், ஈப்போவுக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் சாவடியில் நின்றுதான் போனார்கள்.

என் அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் என்னையும் அண்ணனையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் சாவடியில் அவர் சட்டைப் பையைத் துழாவினார். சில்லறை போதவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, குறைந்த காசைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். வசூலிப்பவரும் சிரித்தார். அப்பா கையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார். சாவடியில் நிற்பவருக்குக் கையை உயர்த்திக் காட்டுவது அவருடைய வழக்கம். அது அண்ணனுக்கும் தொற்றிக்கொண்டது.

இன்று டோல் சாவடியில் அப்படி ஒரு காட்சியைக் காண முடியாது. 1997ஆம் ஆண்டில் டச் அன் கோ அட்டை வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்மார்ட் டேக் கருவி வந்தது. 2022 ஜனவரி 15 முதல் ஜூருவுக்கும் ஸ்கூடாய்க்கும் இடையில் பிளஸ் நெடுஞ்சாலையில் ஆர்.எஃப்.ஐ.டி. வழித்தடங்கள் திறக்கப்பட்டன. ரொக்கத்தை நீட்டினால் வாங்குவதற்கு இப்போது ஆளில்லை.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும். அட்டைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் நுழையும்போது அட்டையைத் தட்டினால், 'இந்த இடத்தில் நுழைந்தது' என்ற குறிப்பு அதில் பதிவாகும். ஸ்கூடாயில் வெளியேறும்போது மீண்டும் தட்டினால், அந்தக் குறிப்பைப் படித்து, தூரத்தைக் கணக்கிட்டு, அட்டையில் உள்ள தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும். ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டுவில்லை வேறு வகை. அதற்கு மின்கலம் கிடையாது. சாவடியில் உள்ள கருவி அனுப்பும் வானொலி அலையே ஒட்டுவில்லைக்கு ஆற்றலைத் தருகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. பணம் ஒட்டுவில்லையில் இல்லை. அந்த எண்ணோடு இணைக்கப்பட்ட மின் பணப்பையில் இருக்கிறது.

உள்நாட்டில் இது எளிது. நம் மகிழுந்தும் பணப்பையும் ஏற்கெனவே ஒரே பதிவேட்டில் இருக்கின்றன. எல்லையைத் தாண்டியவுடன்தான் சிக்கல் தொடங்குகிறது. அயல்நாட்டுக் கருவிக்கு நம் வண்டியைத் தெரியாது. அது யாருடைய வண்டி, காப்புறுதி உண்டா, கட்டணத்தை யாரிடம் வாங்குவது என்று எதுவுமே அதற்குத் தெரியாது. எனவே புறப்படுவதற்கு முன்பே நாம் சென்று நம் வண்டியை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். மின்னியல் வாகன அனுமதி என்பது அந்த அறிமுகம்தான்.

என் அக்கா சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவர். சென்ற ஆண்டு அவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. சிகிச்சைக்கு முன் மகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார் எங்கள் அம்மா. அவருக்கு வயது 78. முழங்கால் வலியால் பேருந்தில் மணிக்கணக்காக உட்கார முடியாது. விமானத்தில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். "அதுல ஏறமாட்டேன்" என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிட்டார். ஆக, அண்ணனின் மகிழுந்தில்தான் போக வேண்டும். கலும்பாங்கிலிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதற்கப்பால் 1924இல் திறப்பு விழா கண்ட ஜொகூர்ப் பாலம்.

அண்ணனின் வண்டி அதுவரை சிங்கப்பூருக்குள் போனதில்லை. அயல்நாட்டு வண்டி சிங்கப்பூருக்குள் முதன்முறை நுழையுமுன், அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் இணையம்வழி பதிவு செய்ய வேண்டும். வாகனப் பதிவு விவரம், சிங்கப்பூரிலும் செல்லும் காப்புறுதி, காலாவதியாகாத சாலை வரி ஆகியவற்றை அதில் காட்ட வேண்டும். ஒப்புதல் மின்னஞ்சலில் வரும். அதைக் கொண்டு ஆட்டோபாஸ் என்னும் சில்லு அட்டையைப் பெறலாம். அந்த நாட்டை விட்டு வெளியேறும்போது கட்டணங்கள் எல்லாம் அந்த அட்டையிலிருந்தே கழியும்.

அண்ணன் நாற்பது வயதுக்குப் பிறகுதான் திறன்பேசியைத் தொட்டவர். விண்ணப்பத்தை நிரப்பும் வேலை அவருடைய மகளிடம் வந்தது. அவள் அப்போது நான்காம் படிவ மாணவி. உங்களில் பலர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்பதை நான் அறிவேன். பெற்றோர் வண்டி ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் பாரம் நிரப்புகிறார்கள்.

அவள் முதலில் தேடுபொறியில் தேடினாள். மேலே வந்து நின்றது ஒரு தரகர் தளம். அரசாங்கச் சின்னத்தைப் போலவே ஒரு சின்னம், அழகான படங்கள், "விரைவு ஒப்புதல்" என்ற வாசகம். சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையும் கேட்டது. அட்டை எண்ணைத் தட்டும் நேரத்தில் அவளுக்கு ஏதோ உறுத்தியது. என்னை அழைத்தாள்.

"அத்தை, இது உண்மையான இடம்தானா?"

"மேலே உள்ள முகவரியைப் படிம்மா."

அவள் படித்தாள். நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் அரசாங்கத் தளத்தின் முகவரியில், நாட்டைக் குறிக்கும் எழுத்துகளுக்குச் சற்று முன்னால் 'கவ்' என்னும் சொல் நிற்கும். அவள் படித்த முகவரியில் அது இல்லை. மூடிவிட்டு, ஆணையத்தின் தளத்திற்கே சென்று விண்ணப்பித்தாள். அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. அந்த வயதில் நானாக இருந்தால் பணத்தைக் கட்டியிருப்பேன்.

பிறகு காத்திருந்தோம். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அண்ணன் தினமும் காலையில், "மெயில் வந்துச்சாம்மா?" என்று கேட்பார். அவள் திறந்து பார்த்துத் தலையாட்டுவாள். அம்மா அதற்குள் பயணப் பையைக் கட்டி முன்வாசலில் வைத்துவிட்டார். அக்காவுக்காக இடித்த மிளகாய்த்தூளும் எலுமிச்சை ஊறுகாயும் அதில் இருந்தன. இருதய நோயாளிக்கு ஊறுகாய் கொண்டுபோக நினைத்ததை இன்றும் நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அப்போது சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் மாலை நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். விண்ணப்பத்தைத் திறந்து, "நீ எழுதியதை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்" என்றேன். பதிவு எண் சரி. அண்ணனின் அடையாள அட்டை எண் சரி. காப்புறுதியின் தேதி சரி. மின்னஞ்சல் முகவரிக்கு வந்தாள். அண்ணனுக்கென்று அவளே உருவாக்கிய முகவரி அது. பாதியில் நின்றாள். அண்ணனின் பெயரில் இரண்டு முறை வர வேண்டிய ஓர் எழுத்து ஒருமுறைதான் இருந்தது. முகவரியில் ஓர் எழுத்து குறைந்தால் கடிதம் வேறு எங்கோ போகும். அல்லது எங்கும் போகாது. விண்ணப்பத்தில் பிழை இருக்கிறது என்று சொல்லக்கூட அவர்களுக்கு நம் முகவரி தெரியாது.

அவள் உடனே விவரத்தைத் திருத்தி மீண்டும் அனுப்பினாள். வியாழக்கிழமை காலை அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒப்புதல் வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. முன்வாசலில் இருந்த பையைத் தூக்கி உள்ளே வைத்தார். பேத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு அம்மா அவளுக்குச் சோறு பிசைந்து கொண்டுபோய்க் கொடுத்தார்.

தவறு எங்களுடையதுதான். ஆயினும் எனக்கு ஒன்று தோன்றியது. அப்பாவின் காலத்தில் சில்லறை குறைந்தபோது அதைப் பார்க்க ஒரு மனிதர் இருந்தார். பின்னால் ஒருவர் இருந்தார். இப்போது முன்கூட்டியே எழுதி அனுப்பும் அந்தச் சில வரிகளைத் தவிர நம் சார்பில் பேச எதுவும் இல்லை. வரிசை இல்லை, தாமதம் இல்லை, கையூட்டுக்கு இடமில்லை. இவை பெரிய நன்மைகள்தாம். எழுத்துப் பிழைக்கு மன்னிப்பு இல்லாமல் போனது அவற்றோடு சேர்ந்து வந்தது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூர் மகிழுந்துகள் நம் நாட்டுக்குள் வரும்போதும் இதே கதைதான். 2016 நவம்பர் 1 முதல் ஜொகூரில் நுழையும் அயல்நாட்டு மகிழுந்துகளிடம் நம் அரசாங்கம் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் வாங்குகிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும் அதற்கு ஈடாக 6 வெள்ளி 40 காசு வாங்கத் தொடங்கியது. நம் சாலைப் போக்குவரத்துத் துறையின் வாகன நுழைவு அனுமதித் திட்டம் பல முறை தள்ளிப்போய், 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலை 1 முதல் அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். விண்ணப்பித்தவர்களுக்கு ஓர் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டுவில்லை கிடைக்கும், கட்டணம் 10 ரிங்கிட், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தீபாவளிக்குக் கலும்பாங் வரும் எங்கள் அத்தான், அதை ஒட்டிய அன்றே படம் எடுத்து அனுப்பினார். கையில் கிடைத்தால் மட்டும் போதாது, ஒட்டிய பிறகு அதை இயக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அண்ணனுக்கு அவர் விளக்கியதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது.

வடக்கே தாய்லாந்துக்குப் போவோருக்கு இவ்வளவு மின்னியல் வேலை இல்லை. புக்கிட் காயு ஹீத்தாமைக் கடப்பதற்கு அந்நாட்டுக் காப்புறுதியைத் தனியாக எடுத்து, வண்டியின் பத்திரங்களைக் காட்ட வேண்டும்.

ஐரோப்பாவில் நிலைமை இன்னும் சுவையானது. அங்கே சிறிய நாடுகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரே நாளில் மூன்று நாடுகளைக் கடந்துவிடலாம். சுவிட்சர்லாந்து 1985இல் ஓர் எளிய வழியைக் கண்டது. ஒவ்வொரு வண்டிக்கும் சாவடி வைத்து வசூலிப்பதற்குப் பதிலாக, ஆண்டுக்கு ஓர் ஒட்டுவில்லையை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை முழுவதும் ஓடலாம். இப்போது அதன் விலை 40 பிராங்க். பெட்ரோல் நிலையத்தில் வாங்கலாம், எல்லையிலும் வாங்கலாம். அதன் பிறகு அண்டை நாடுகள் சிலவும் இந்த முறையை ஏற்றன.

அடுத்த மாற்றத்தில் ஒட்டுவில்லையே மறைந்தது. ஹங்கேரி 2008இலும் செக் நாடு 2021இலும் மின் அனுமதிக்கு மாறின. சுலோவேனியா 2021 டிசம்பரில் தொடங்கியது. சுவிட்சர்லாந்து 2023 ஆகஸ்டு முதல் இரண்டு வகையையும் விற்கிறது. மின் அனுமதியில் கண்ணாடியில் ஒட்ட எதுவுமில்லை. இணையத்தில் பதிவு எண்ணையும் நாட்டையும் எழுதிப் பணம் கட்டினால் போதும். சாலையோரப் படக்கருவி எண்பட்டையைப் படித்துப் பதிவேட்டோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் வண்டி போகும். ஒத்துப்போகாவிட்டால் வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும்.

அங்கேதான் மீண்டும் எழுத்து வந்து நிற்கிறது. பூச்சியத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் மாற்றி எழுதிவிட்டால், பணம் கட்டியவருக்கும் அனுமதி இல்லை என்றே கணினி சொல்லும். நாட்டின் பெயரைத் தவறாகத் தெரிவு செய்தாலும் அப்படித்தான். நம் நாட்டு எண்பட்டைகளைக் கவனித்திருக்கிறீர்களா? சிலாங்கூர் வண்டி 'பி' என்றும் பேராக் வண்டி 'ஏ' என்றும் ஜொகூர் வண்டி 'ஜே' என்றும் தொடங்கும். ஆனால், வழக்கமான வரிசைகளில் 'ஐ', 'ஓ' ஆகிய இரண்டு எழுத்துகளும் வருவதில்லை. ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்பிவிடும் என்பதால் விலக்கிவிட்டார்கள். படக்கருவி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, கண்ணால் படிக்கும் காவலரை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. எல்லா நாடுகளும் அப்படிச் செய்யவில்லை.

ஆஸ்திரியாவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 2017இல் அங்கு மின் அனுமதி விற்பனைக்கு வந்தபோது, இணையத்தில் வாங்கிய தனிநபருக்கு அது 18ஆம் நாளில்தான் செல்லுபடியாகும். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது நுகர்வோரைக் காக்கும் சட்டம். பயன்படுத்திய பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தால் அந்தக் காத்திருப்பை வைத்தார்கள். விதியைப் படிக்காமல் முதல் நாள் வாங்கி மறுநாள் வண்டியை எடுத்தவர், பணம் கட்டியும் அனுமதி இல்லாதவர் ஆனார்.

ஜெர்மனி மகிழுந்துகளிடம் இத்தகைய கட்டணம் வாங்கத் திட்டமிட்டு, தன் நாட்டவருக்கு மட்டும் வாகன வரியில் அதே அளவு குறைப்பதாக அறிவித்தது. உண்மையில் சுமை அயலார்மீதுதான் விழும் என்று அண்டை நாடான ஆஸ்திரியா வழக்குத் தொடுத்தது. 2019 ஜூன் மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் திட்டம் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. சாலைக்குக் கட்டணம் வாங்குவது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விருந்தாளியிடம் மட்டும் வாங்கும் தந்திரத்தைத்தான் மறுத்தது. ஜொகூர்ப் பாலத்தின் இரு கரைகளிலும் 20 ரிங்கிட்டும் 6 வெள்ளி 40 காசும் எதிரெதிரே நிற்பதை எண்ணிப் பார்க்கையில், இந்தத் தீர்ப்பைப் பற்றி உங்கள் வகுப்பில் வாதிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஒப்புதல் வந்த மறுநாள், சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே அண்ணன் வண்டியை எடுத்தார். நாளைத் தேர்ந்தெடுத்தது அவருடைய மகள். அவள் இம்முறை கட்டண விதிகளை ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். இப்பாடம் எழுதப்படும் வேளையில், அயல்நாட்டு மகிழுந்துக்குச் சிங்கப்பூரில் ஒரு நாள் அனுமதிக் கட்டணம் 35 வெள்ளி. ஆண்டுக்கு 10 நாள்கள் இலவசம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இந்தக் கட்டணம் கிடையாது. வேலை நாள்களில் மாலை 5 மணிக்குப் பிறகும் கிடையாது. மின்னியல் சாலைக் கட்டணம் வேறு. 1998இல் தொடங்கிய அந்த முறையில், நெரிசல் மிகுந்த சாலைகளின் குறுக்கே நிற்கும் வளைவுகளைக் குறித்த நேரங்களில் கடந்தால் பணம் கழியும். அதற்கான கருவி பொருத்தாத அயல்நாட்டு வண்டிக்கு அன்றைய நாளுக்கென ஒரு நிலையான தொகை. "மருத்துவமனைக்கு எந்த ரோட்டுல போனா வளைவு இல்லைன்னு பார்த்து வெச்சிருக்கேன்பா" என்றாள். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தொகைகள் அவ்வப்போது மாறும் என்பதால், புறப்படும் வாரத்தில் ஆணையத்தின் தளத்தில் மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் அக்கா மயக்கம் தெளிந்து, பேச முடியாமல் படுத்திருந்தார். அம்மா கட்டிலருகே உட்கார்ந்து அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடியே வந்திருக்கணும்" என்று ஒருமுறை மட்டும் சொன்னார். ஊறுகாய்ப் போத்தல் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பினோம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அண்ணன் ஆட்டோபாஸ் அட்டையைக் கருவியில் வைத்தார். தொகை கழிந்தது, மீதம் திரையில் தெரிந்தது. அதைப் பின்னிருக்கையில் இருந்த மகள் உரக்கப் படித்தாள். பிறகு நம் நாட்டு நெடுஞ்சாலை, இருட்டு, இருபுறமும் செம்பனை. அம்மா தூங்கிப்போனார்.

தஞ்சோங் மாலிம் சாவடிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. எங்களைத் தவிர வேறு வண்டியில்லை. அண்ணன் அட்டையைத் தட்டினார். தடுப்புக் கம்பு உயர்ந்தது. அவர் வழக்கம்போல் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

அம்மா கண்விழித்து, வெறுமையாக இருந்த கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார்.

"யாருக்குடா கையைக் காட்டுற?"